சரிவாக வெட்டிய பாசி

ஒக்டோபர் 29, புதன்

விடியலிலிருந்து மழை. சீனன்குடாவில் பஸ் அரை மணி நின்றது. குடை ஆய்வுகூடத்திலேயே. தொப்பலாக நனைந்தேன்.

செய்ய: மன்னார் ஆழ்துளைக் கற்கள், மீதி ஆறு தகடு. அம்மாவுக்குப் பிறஷர் குளிசை.

மதியம் நசீர் கூப்பிட்டார். கல்லை மெல்லிய தகடாகச் சீவித் தருகிறவர்.

"மிஸ், உங்கட பழைய கல்லில ஒரு துண்டு மிச்சம் இருந்திச்சு. இந்த முறை நேரா வெட்டினேன். ஒருக்காப் பாருங்க."

பார்த்தேன். கல்லாகிப்போன பச்சைப்பாசியின் குழல். சுற்றிவரத் துளைகள், ஒழுங்கான வரிசை. எல்லா நூலிலும் இருக்கிற, ஏற்கெனவே தெரிந்த இனம். தகட்டைத் திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தேன்.

ஒக். 30

நித்திரை இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் "புதிய இனம்" என்று நான் எழுதியது இதே கல்லிலிருந்துதான். அப்போது தகடு சரிவாக வெட்டுப்பட்டிருக்கிறது. வெண்டிக்காயைச் சரித்து வெட்டினால் வட்டம் நீளுமே, அதுதான். துளைகள் நீண்டு, கலைந்து தெரிந்தன. புதிது என்று துள்ளினேன். முதல் வருட மாணவருக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பிழை. மடைச்சி.

இரண்டும் ஒரே இனமென்றால் முந்தி வைத்த பெயர்தான் நிற்கும். என்னுடையது போகும். நான் வைத்தது தம்பி அன்ரனின் பெயர். சல்லி ஊர்க் கூட்டாளிகளோடு கடலுக்குப் போனவன். உடல் வரவில்லை.

அந்தப் பாசியை வைத்து நான் கணித்த பாறையின் வயதும் பிழை. இளம் பாறையைக் கோடிக்கணக்கான வருடம் மூத்ததாக்கிவிட்டேன். அதை நம்பித்தான் மன்னாரில் எண்ணெய் தேடுகிறவர்கள் அடுத்த துளைக்கு ஆழம் பார்க்கிறார்கள்.

ஒக். 31

மழை. மீன் இல்லை, பருப்பு.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியருக்குப் போன். "பேசாமல் விடும் பிள்ளை. ஆர் இனி அந்தக் கல்லைத் தூக்கிப் பார்க்கப் போகினம்?"

விட ஆசை வந்தது. எழுதவே வெட்கம்.

நசீர் நாள் முழுக்க முகம் பார்க்கவில்லை. போகும்போது மட்டும், "நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல மிஸ்." அது இன்னும் சுட்டது.

நவ. 1, சனி

கட்டுரையைத் திருத்தச் சொல்லி, அது வந்த இதழுக்குக் கடிதம். நாலு வரிக்கு மூன்று மணித்தியாலம். 10.40க்கு அனுப்பியாயிற்று. குசினிக்குள் நின்று அழுதேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். ஆங்கிலம் வாசிக்க ஏலாது. அவன் பெயர் எந்த வரியில் என்று மட்டும் தெரியும்.

நவ. 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பூசை முடிய எல்லாரும் பூவோடு சேமக்காலைக்கு. நாங்கள் நேரே வீட்டுக்கு. அங்கே எங்களுக்குக் குழி இல்லை.

அம்மா அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கதிரையில் சாத்தி, முன்னால் மெழுகுதிரி கொளுத்தப் போனார். மூன்று வருடமாக இப்படித்தான். பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை. சொல்லிவிட்டேன். வெட்டு சரிவு, அது பழைய பாசிதான், பெயர் நிற்காது.

நெருப்புக்குச்சி எரிந்து முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுக்குள்ளையும் அவன் இல்லையோ பிள்ளை?"

"இல்லை அம்மா."