கடைசித் தாளில் ஒரு கேள்விக்குறி

சதுரங்கக் குதிரைக்கார மாமாவுக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து தங்கமணி எழுதுவது. நான் சுகம், ஆயா வேலைக்குப் போய்வருகிறேன். ஊருக்குப் போன நீங்கள் அங்கேயே செத்துப்போனதாகத் தந்தி வந்து நாற்பது நாளாகிறது.

நேற்று உங்களோடு ரயில்வேயில் வேலைபார்த்த இருதயம் வந்தார். சீமையில் எந்தக் காலத்திலோ நடந்த சதுரங்கப் பந்தயங்களை நீங்கள் அலசி எழுதிய நோட்டைப் புரட்டினார்.

"தப்பா காய் நகர்த்தின இடத்திலெல்லாம் கேள்விக்குறி போட்டு, எதை நகர்த்தியிருக்கணும்னு பக்கத்திலேயே எழுதியிருக்காரு அண்ணி. கெட்டிக்காரருலா!" என்றார்.

கடைசித் தாள் வந்ததும் நோட்டைச் சட்டென்று மூடினார். பிடுங்கிப் பார்த்தேன். கப்பலேறி இங்கே வந்த தேதி, வேலை கிடைத்த தேதி, நம் கலியாணத் தேதி என்று எழுதியிருந்தீர்கள். கலியாணத்துக்கு மட்டும் கேள்விக்குறி. பக்கத்தில் ஒன்றுமே எழுதவில்லை.

அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். பதினொரு வருசம் உங்களுக்குச் சோறு வடித்தவள் கேட்கிறேன். என்னை விட்டு யாரைக் கட்டியிருக்க வேண்டும், மாமா?