அம்மா கையெழுத்துப் போட்ட லீவு லெட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பூந்தொட்டியில் போடுகிறீர்கள் என்று தம்பி சொன்னான்.

தொழிற்கல்லூரி முடித்தவர்களை வேலையில் சேர்த்துவிடுவதோடு என் வேலை முடிவதில்லை. போன மாதம் லேத் பட்டறையில் சேர்த்துவிட்ட பெண், காய்ச்சல் விட்டதும் அம்மா கையெழுத்துப் போட்ட லீவு லெட்டரோடு போயிருக்கிறாள். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தாராம்.

விடுப்புப் படிவத்தைக் கொடுத்து, "இனிமே உன் கையெழுத்தே போதும்மா" என்றேன்.

"அப்ப எனக்கு முடியலைன்னு அம்மாவுக்குத் தெரியவே வேணாமா, மேடம்?" என்றாள்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். போன வாரம் மூன்று நாள் எனக்கும் காய்ச்சல். படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன். இப்போது தேவலை. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நானும் பூந்தொட்டி விஷயத்தைச் சொல்லமாட்டேன்.

உங்கள் மகள்