ஓவனுக்குள் வெடிக்கட்டு

தம்பி,

ரொட்டி சுட ஓவனைப் போட்டுவிட்டு மாவை எடுக்கத் திரும்பினேன். காகிதம் கருகும் வாடை. திறந்தால் உள்ளே உன் வெடிக்கட்டு! மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தெருவுக்கே ஓடினேன். ஃபோனில் கேட்டால், "ஈரம் ஏறக் கூடாதுன்னுதான்க்கா வச்சேன், நீ எங்க ரொட்டி சுடப்போற?" என்கிறாய். வாயில் நன்றாக வருகிறது எனக்கு.

கட்டின் மேல் கம்பெனிப் பெயரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எவனோ சந்துக்குள் ஒளித்து விற்றதை மலிவென்று தூக்கி வந்திருக்கிறாய். ஆறியதும் எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் முக்கிவிட்டேன். எடுத்துக் காயவைத்தாயோ, நடப்பதே வேறு.

லைசென்ஸ் கடையில் நான் வாங்கிய மத்தாப்புப் பெட்டி அலமாரியில் இருக்கிறது. மாடியில் துணி காய்கிறது, மைதானத்துக்குப் போ. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். அணைந்துபோனதைக் குனிந்து பார்க்காதே. மறுபடி பற்றவைக்கவும் வேண்டாம், தள்ளி நின்று தண்ணீரை ஊற்று. பத்து மணிக்கு மேல் கொளுத்திப் போலீஸ் பிடித்தால் என் பெயரைச் சொல்லாதே.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. ரொட்டி கிடையாது. ஏன் என்று கேட்டுவிடாதே.

அக்கா

பி.கு.: அந்த நீல ரப்பர் செருப்போடு போய் நிற்காதே, ஷூ போட்டுக்கொள். இன்றைக்கும் எனக்குத் தீக்காய வார்டில்தான் டூட்டி. போன பண்டிகைக்கு ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர் வந்தபோதும் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முதலில் காலைத்தான் பார்த்தேன், நீலச் செருப்பா என்று.