படிக்கத் தெரியாதவனாக நடிக்க என்னால் இயலவில்லை

அனுப்புநர்:
செ. பொங்கியண்ணன் (வயது 73),
த/பெ. சென்னிமலை,
2/41, வாழைக்காட்டுத் தோட்டம்,
ஊஞ்சக்காட்டுப்புதூர்,
அவிநாசி வழி.

பெறுநர்:
உயர்திரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
நொய்யல்கரை கலை அறிவியல் கல்லூரி (தன்னாட்சி),
கோயம்புத்தூர்.

பொருள்: விஸ்காம் இறுதியாண்டு மாணவி வெ. ஹர்ஷிணியின் பட்டத்துக்குரிய படத்தில் நான் எழுதப் படிக்கத் தெரியாதவனாக வருவது – படம் முடிவதற்குள் எனக்குப் படிக்க வந்துவிட்டது – அதனால் மாணவியின் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது – அனுமதிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பத்திக்கு மேல் கை ஒத்துழைப்பதில்லை. ஆகவே எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்தவையும் பின்பத்திகளில் வந்திருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் தென்னையும் வாழையும் வைத்திருக்கும் விவசாயி. போன வருடம் வரை கைநாட்டு. எங்கள் தோட்டத்தை ஒட்டி மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் வெங்கடபதி அவர்களின் மகள் ஹர்ஷிணி, தங்கள் கல்லூரியில் படிக்கிறாள். தவழ்ந்த வயதிலிருந்து என்னைத் தன் தாத்தாவைப் போல அப்பாரு என்று கூப்பிடும் பிள்ளை. நான் அவளை அம்மணி என்பேன்.

2. கடைசி வருடம் போர்ட்ஃபோலியோ என்று ஒன்று கொடுக்க வேண்டுமாம். ஒரு படம், அதற்கான புகைப்படங்கள், ஒரு சுவரொட்டி, படம் உருவான விதத்தைச் சொல்லும் தொகுப்பு, இவ்வளவையும் மேசையில் பரப்பி வைத்து, பரிசோதகர்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால்தான் பட்டம். அம்மணி என்னிடம் வந்து, "அப்பாரு, உங்களயே படம் எடுக்கறனுங்க" என்றாள். "நான் என்ன பண்ணோணும் கண்ணு?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேண்டாங்க, இப்ப இருக்கற மாதிரியே இருந்தாப் போதும்" என்றாள். படத்தின் பெயர் 'எழுத்தறியாத ஒருவர்'. இருக்கிற மாதிரியே இருப்பதாக வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் காப்பாற்ற முடியாமல் போயிற்று.

3. அது நடந்த விதம்: எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் அந்த வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே ஏக்கத்தோடு நிற்பதாக ஒரு காட்சி. கேமரா பிடிப்பது அம்மணியோடு படிக்கும் பிரவின்குமார். அவன் வெளிச்சம் சரியில்லை, நிழல் விழுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி என்னை அதே ஜன்னலில் பல சாயங்காலம் நிறுத்தினான். உள்ளே சண்முகப்பிரியா டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வெளிச்சம் சரியாவதற்குள் எனக்கு உயிரெழுத்து முடிந்துவிட்டது. அதற்கு மேல் வெளியே நிற்க மனம் கேட்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை, சொல்லும்படியாக வருமோ வராதோ என்றிருந்தேன்.

4. ஐப்பசியில் வாழைக்காட்டில் படப்பிடிப்பு. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் படத்தின் பெயர் எழுதிய பலகையை அம்மணி என் முகத்துக்கு நேரே பிடித்துத் தட்டுவாள். அன்று தட்டுவதற்கு முன்பே நான் அதைக் கூட்டிக் கூட்டிப் படித்து முடித்தேன்: எ, ழுத், தறி, யாத, ஒ, ரு, வர். வகுப்புப் புத்தகத்துக்கு வெளியே, என் ஆயுளில் நான் படித்த முதல் வரி அது. "அப்பாரு, இன்னொருக்கா சொல்லுங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்று கத்திய பிள்ளை, பலகையை வாய்க்காலில் போட்டுவிட்டு அழுதாள். நான் இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிரவின்குமார் கேமராவை நிறுத்தவில்லை. "கட் சொல்ல ஆளில்லீங்க" என்றான். அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது.

5. துறையில் ஹர்ஷிணிக்கு வழிகாட்டியாக இருப்பவர் பேராசிரியர் சுந்தரராஜுலு. நல்ல மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டு, பொறுமையாக எடுத்துச் சொன்னார். படத்தின் பெயரும் கதைச் சுருக்கமும் முன்பே அனுமதி பெற்றவை. கதைச் சுருக்கத்தில், நாயகர் முதலிலிருந்து கடைசிவரை எழுத்தறியாதவர் என்று இருக்கிறது. "ஒரு சீன்ல மீசை இருந்து அடுத்த சீன்ல இல்லாமப் போனா எப்படியோ, அந்த மாதிரித் தப்புங்க இது" என்றார். மீசையை ஒட்டிக்கொள்ளலாம், இதை எதைக் கொண்டு வழிப்பதுங்க என்று கேட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் துறைக் குழு மூன்று திருத்தங்களைக் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டது:
(அ) வாழைக்காட்டுக் காட்சியை நீக்க வேண்டும்.
(ஆ) மிச்சமுள்ள காட்சிகளில் நான் படிக்கத் தெரியாதவனாகவே தோன்ற வேண்டும்.
(இ) எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஓர் அலுவலரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும்.

6. பின்னிரண்டுக்கும் பிள்ளை ஒத்துக்கொண்டாள். முதலாவதற்கு மட்டும், "அத எடுத்துட்டா மிச்சம் இருக்கறது படமே இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டாள். மூன்றும் செய்யாவிட்டால் வாய்மொழித் தேர்வுக்கு உட்கார முடியாது, ஒரு வருடம் வீணாகும். சென்னையில் விளம்பரப் படம் எடுக்கும் நிறுவனம் ஒன்றில் ஜூன் மாதம் வேலைக்குச் சேரச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் போகும். வெங்கடபதி என்னிடம், "ஏனுங்க பெரியவரே, பரீட்சை முடியற வரைக்கும் பொறுத்திருந்து படிச்சிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். என் மகிழ்ச்சி ஒரு பிள்ளையின் பட்டத்துக்குக் குறுக்கே படுத்திருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது. எழுந்திருக்கச் சொன்னால் அது எழுந்திருப்பதில்லை.

7. திருத்தம் (ஆ)வுக்காக நான் முயலாமல் இல்லை. முதலில் வங்கிக் காட்சி. படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழிக்கும்படி பிரவின்குமார் சொன்னான். வகுப்பில் ஒரு புத்தகத்தை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து படிப்போம். என் இடம் எதிர்ப்பக்கம். தலைகீழாக இருந்தால் எனக்கு இன்னும் சுலபம். "பணம் எடுக்கும் படிவம்" என்று என் உதடு சொன்னது படத்தில் பதிந்துவிட்டது. உதடு அசையாமலிருக்க வெற்றிலை போட்டுக்கொள்ளச் சொன்னான். வெற்றிலையோடும் படித்தேன். வங்கி மேலாளர், இங்கே துப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அத்துடன் அன்றைய படப்பிடிப்பு முடிந்தது.

8. அடுத்தது காந்திபுரம் பேருந்து நிலையம். நான் தெரியாமல் மதுக்கரைப் பேருந்தில் ஏறிவிட வேண்டும். எனக்கு நேரே அவிநாசி என்று பலகை வைத்த பேருந்து நின்றது. ஜன்னலோர இடமும் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். பிரவின்குமார் கேமராவோடு ஓடி வந்து, "அப்பாரு, எறங்குங்க, இது நம்ம ஊர் பஸ்ஸுங்க!" என்று கத்தினான். "நம்ம ஊர் பஸ்ஸுன்னுதானப்பா ஏறுனேன்" என்றேன். நடத்துநர் அவனைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரு சரியாத்தான ஏறியிருக்காரு, நீ எதுக்குத் தம்பி அவர எறக்கற?" என்று கேட்டார். பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். பேருந்து கிளம்பிவிட்டது. பிள்ளைகள் அங்கே நிற்க, நான் வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி பூவாத்தாள், "ஏனுங்க, எழுவது வருசம் தெரியாம இருந்தீங்க, இன்னும் ஒரே ஒரு நாளு தெரியாம இருக்க முடியலீங்களா?" என்று கேட்டாள்.

இங்கே ஓர் உண்மையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எழுத்துத் தெரியாத காலத்தில் நான் ஒரு நாளும் பேருந்து மாறி ஏறியதில்லை. நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். மார்கழியில்தான் முதன்முறையாக மாறி ஏறினேன். அவிநாசியிலிருந்து காந்திபுரத்துக்கு வந்த பேருந்து, அவிநாசி என்ற பலகையைத் திருப்பாமலே மதுக்கரைக்குப் புறப்பட்டது. நானே படித்த பெருமையில் யாரையும் கேட்கவில்லை. வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு சந்தோஷமாகப் போனேன். மதுக்கரைச் சிமெண்ட் ஆலை தெரிந்த பிறகுதான் விளங்கியது. அன்று கேமரா இல்லை. ஆகவே பேருந்து மாறி ஏறும் காட்சி படத்தில் இருக்க வேண்டுமென்றால், அது படிக்கத் தெரிந்தவரின் காட்சியாகத்தான் இருக்க முடியும்.

9. திருத்தம் (இ) குறித்து: எங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். எதுவானாலும் எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது எனச் சான்று வழங்கும்படி வேண்டி, அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்குதுங்களே, யாருங்க எழுதுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்புறம் நான் எப்படீங்க இதுல கையெழுத்துப் போடறது?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பாராட்டிய மகிழ்ச்சியில் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எதற்குப் போனேன் என்பது பூவாத்தாள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த விண்ணப்பத்தை இத்துடன் இணைத்துள்ளேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுகிறேன். என் எழுத்து நன்றாக இருப்பதாக ஓர் அரசு அலுவலர் சொன்ன தாள் அது ஒன்றுதான் என்னிடம் உள்ளது.

10. மேற்கண்ட பத்தியை எழுதிய மறுநாள் ஒரு நல்லது நடந்தது. "அப்பாருக்குத் தமிழ்தானுங்க தெரியும்? ஆர்.எஸ்.புரம் போலாம் வாங்க" என்று பிரவின்குமார் கூட்டிப்போனான். அம்மணியும் வந்தாள். நகைக்கடை, பட்டுக்கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் பெரிய எழுத்து முழுக்க ஆங்கிலம். நான் நடிக்கவே தேவைப்படவில்லை. நிஜமாகவே திகைத்து நின்றேன். டீ குடிக்கலாம் என்று கண்ணாடிக் கதவைத் திறந்து ஓர் இடத்துக்குள் போனேன். ஒரு பெண் பெயர் கேட்டு டோக்கன் கொடுத்தார். டீக்கு டோக்கன் என்று உட்கார்ந்திருந்தேன். முறை வந்ததும் வாயைத் திறக்கச் சொன்னார்கள். அது பல் ஆஸ்பத்திரி. பேராசிரியர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "இதத்தானுங்க நாங்க கேட்டது" என்றாராம். கண்ணாடிக் கதவில் பிரவின்குமாரின் உருவம் தெரிவதால் அதை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும்.

11. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: ஆர்.எஸ்.புரம் காட்சியை ஏற்றுத் திருத்தம் (ஆ) நிறைவேறியதாகக் கொள்ள வேண்டும். கொடுக்க யாராலும் முடியாத சான்றைக் கேட்பதை விட்டுவிட வேண்டும். நான் முன்பு எழுத்தறியாதவனாக இருந்ததற்குச் சாட்சி தேவையென்றால் பூவாத்தாள் நேரில் வந்து சொல்வாள், விரிவாகவே சொல்வாள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாழைக்காட்டுக் காட்சியைப் படத்தில் இருக்கவிட்டு ஹர்ஷிணியைத் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும். அதில் நான் படிக்கிறேன் என்பது தவறுதான். ஆனால் அந்தப் பிள்ளை பொய்யாக எதையும் எடுக்கவில்லை. என் முகம் அப்படி இருந்து நானே பார்த்ததில்லை.

12. இதை விரைந்து செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்தால் முறையாகாது. பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது எதிர்க்கடைப் பலகையைக் காட்டி, அது என்ன எழுத்து என்று கேட்டேன். அம்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிரவின்குமார், "சொல்லிப்போடாத ஹர்ஷிணி, சொல்லிப்போடாத!" என்று பதறினான். டோக்கன் கொடுத்த பெண் சொல்லிவிட்டார். அதிலிருந்து தொடங்கி இன்று காலை ஆங்கிலத்தில் கே (K) எழுத்து வரை வந்திருக்கிறேன். நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை. நான் கடைசி எழுத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தாங்கள் ஆணையிட வேண்டும். தாமதமானால் இந்தப் பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, மலையாளப் பலகைகளைத் தேடிப் பாலக்காட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

இடம்: ஊஞ்சக்காட்டுப்புதூர்
நாள்: 17.03.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை யாரிடமும் கொடுக்காமல்
தானே பிரித்துப் படிக்கக் காத்திருக்கும்,
செ. பொங்கியண்ணன்
(கையெழுத்து)