மச்சான் சொன்ன பாறை

மே 25, ஞாயிறு
கத்திரி வெயில். கம்பெனி லீவு. திருத்தங்கல் மனையில் மகளுக்குக் கூலியில்லா ஆள் நான்.

பாகப்பிரிவினையில் என் மனைவி மாரிக்கு அவள் அண்ணன் ஒதுக்கிய மனை. "அடியில பூராம் பாறை மாப்ள, மூணு மாடி போடுங்க" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். ஊர் சொல்வது வேறு: பழைய கல்கிடங்கு, கல் வெட்டி எடுத்த குழி, குப்பை கொட்டி மூடியது. மச்சான் வாயைவிட அந்தக் குப்பையை நம்பலாம். வெள்ளிக்கிழமை அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்தாயிற்று. அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

மகள் செல்வி எம்.எஸ்சி., பூமி அதிர்வுப் படிப்பு. காலேஜிலிருந்து வந்த சாமான்: நீள வயர். ஆணி வைத்த சின்ன டப்பா 24. லேப்டாப். இரும்புத் தட்டு. சம்மட்டி.

டப்பாக்களை வரிசையாக மண்ணில் குத்தினோம். தட்டில் அடித்தால் அதிர்வு உள்ளே ஓடும். பாறையில் வேகம், தளர்ந்த மண்ணில் மெதுவு. அதை லேப்டாப் பதியும்; எந்த டப்பாவுக்கு எப்போது வந்தது என்று செல்வி பார்த்துக் குறிப்பாள். சம்மட்டி என் கையில். பத்தாவதில் கணக்கில் தோற்றவனுக்கு வேறென்ன தருவார்கள்.

மே 26, திங்கள்
கம்ப்யூட்டரின் வித்தை இவ்வளவுதான்: அடியில் இப்படி இருக்கும் என்று ஓர் ஊகம். அப்படியானால் அதிர்வு எப்போது வந்திருக்கும்? ஒத்துவரவில்லையா, ஊகத்தை மாற்று. மறுபடி. மறுபடி. பரீட்சையில் நான் செய்ததும் அதே. மாற்றத்தான் விடவில்லை.

முடிவு: படம் முழுக்க நீலம். நீலம் என்றால் தளர்ந்த மண். கிடங்கேதான்.

மாரி அழுதாள். "எங்கண்ணனா இப்படிச் செஞ்சாக?" எனக்கு, வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷம்.

மே 27, செவ்வாய்
டீக்கடை. வடை 2. மச்சானைப் பற்றி என் சொற்பொழிவு. "கூடப் பொறந்தவளுக்குக் குப்பைக்குழியக் குடுத்த மகராசன்!" கைதட்டல்தான் பாக்கி.

மே 28, புதன்
செல்வி காலையிலிருந்து லேப்டாப்பை முறைத்தாள். பிறகு என்னை.

"யப்பா, சம்மட்டிய வச்சு என்ன செஞ்சீக?"

"அடிச்சேன்."

"அடிச்சீகளா? தடவிக் குடுத்திருக்கீக!"

உண்மை. இருபது வருடமாகப் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன். இரும்பில் இரும்பு பட்டால் பொறி. பொறி பட்டால் ஆளே மிஞ்சாது. அதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். தட்டு நெருங்கும்போது கை தானாக நிற்கிறது. இது வெறும் மனை என்று புத்திக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது.

அடி மெல்ல விழுந்ததால் தூரத்து டப்பாக்களில் முதல் அதிர்வு தெரியவே இல்லை. தாமதமாக வந்ததை முதலாவது என்று குறித்துவிட்டாளாம். மெதுவாக வந்தால் மண்தானே! பாறையைக் குப்பையாக்கியது மச்சானில்லை, நான்.

சாயங்காலம் மறுபடி மனைக்கு. ஓங்கினேன். கை நின்றது. மாரி பிடுங்கினாள். அச்சாபீஸில் மெஷினோடு வேலை பார்ப்பவள், இரும்பு அவளுக்குத் தூசி.

"தள்ளுங்க. இரும்புகிட்ட என்ன கொஞ்சல்?"

அடித்த அடியில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. அண்ணனை நினைத்து அடித்தாளா, என்னையா, கேட்கவில்லை.

புதுப் படம்: ஆளுயரத்துக்குக் கீழே ஒரே சீராகப் பாறை. டீக்கடையில் பேசிய வாயை என்ன செய்ய?

மே 29, வியாழன்
வெற்றிலை பாக்கோடு மச்சான் வீடு. நாளைக்கு அவர் வராமல் மாரி கடப்பாரை போட விடமாட்டாள்.

"வாங்க மாப்ள. குழியில இருந்து ஏறி வந்துட்டீகளா?"

டீக்கடைப் பேச்சு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கிக்கொண்டேன். தப்பு என்னுடையது, பாறைதான் என்று படத்தை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"நெசமாவா? அம்புட்டும் பாறையா?"

"நீங்கதான மச்சான் சொன்னீக?"

"நா எங்கன தோண்டிப் பாத்தேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னது. நீங்க வீடு கட்டப் போறீகன்னதுல இருந்து சோறு எறங்கல மாப்ள."

படத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். கேட்டேன். தரவில்லை.