இருபது ரூபாய் மாத்திரை

கிருத்திகா கண்ணு,

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போச்சு. குளிக்க வந்தேன், திரும்பப் போகிறேன். ஹாஸ்டலிலிருந்து வந்ததும் முதலில் சாப்பிடு. ரசமும் சோறும் மூடி வைத்திருக்கிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. பனியன் கம்பெனியில் அயர்ன் மேசை முன்னால் நின்று நின்று அப்பாவுக்குக் கால்வலி. கம்பெனிக்கு எதிர்க்கடையில் வலி மாத்திரை அட்டை அறுபது ரூபாய். மலிவு விலை மருந்துக்கடையில் அதே மருந்து இருபது. நான்தான் சண்டை போட்டு மாற்றினேன்.

"வெலை கம்மின்னா வேகமும் கம்மிதானே புள்ள?" என்று கேட்டார்.

"உங்களுக்கு என்னங்க தெரியும்? பேசாம போடுங்க" என்றேன். இரண்டிலும் மருந்து ஒரே அளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றில் ஒரு பங்கு விலைதானே என்று வேளைக்கு மூன்று விழுங்கியிருக்கிறார். டிபன் பை நிறையக் காலி அட்டை. வயிறு புண்ணாகி ரத்தமாக வாந்தி எடுத்தார். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. மாத்திரையில் குற்றமில்லை என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ஆஷா அக்காவிடம் கொடு.

அப்பாவின் நீலச் சட்டையை எடுத்து வா. கொடியில் கிடக்கிறது.

இன்னொன்று: அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது பாக்கி நிற்கிறது.

அம்மா