ரெண்டு பேர் நெய்தா எத்தனை நாள்

வெள்ளிக்கிழமை, ராத்திரி

எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் வகுப்புல இன்னொரு டீச்சர் உக்காந்து பாக்கணும்னு ஏற்பாடு. போன வாரம் கலா என் அஞ்சாம் வகுப்பைப் பாத்துட்டு, "அக்கா, கேள்வியும் நீங்களே கேக்கறீங்க, ஜல்தியா பதிலும் நீங்களே சொல்லிடறீங்க"ன்னா. வாரம் பூரா அது உறுத்திகினே இருந்துச்சி.

இன்னைக்கும் கடைசி பெஞ்சில வந்து உக்காந்தா. நான் கணக்கு கேட்டேன். "ஒரு பட்டுப்புடவையை ஒருத்தர் நெய்ய ஆறு நாள் ஆகுது. ரெண்டு பேர் நெய்தா எத்தனை நாள்?" பதில் நாக்கு நுனிக்கே வந்துடுச்சி. வாயை இறுக்கி மூடிக்கினேன். பசங்க என் முகத்தையே பாத்துகினு இருந்தாங்க. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டுச்சி.

அப்புறம் யமுனா எழுந்தா. இந்த வருஷம் பூரா வகுப்புல வாயே திறக்காத பொண்ணு.

"ஒரு தறியில ஒருத்தர்தான் உக்கார முடியும் டீச்சர். ரெண்டு பேர்னா ரெண்டு தறி. அப்பவும் ஆறு நாள்தான் ஆகும். ஆனா ரெண்டு புடவை வரும்."

கலா பின்னாடி இருந்து என்னைப் பாத்து சிரிச்சா. எனக்குப் பெருமை தாங்கல. இப்பவும் படுத்தா தூக்கம் வரல.

நான் மட்டும் வாயைத் திறந்திருந்தா மூணு நாள்னு சொல்லியிருப்பேன். யமுனாவும் தலையைக் குனிஞ்சிகினு அதையே எழுதியிருப்பா.